வங்கியின் பேனலில் உங்கள் சொலிசிட்டர் இருக்கிறாரா?

இங்கிலாந்தில் வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் சொலிசிட்டரிடம் முதலில் கேட்பது, "உங்களின் ஃபீஸ் எவ்வளவு?" அடுத்ததாகக் கேட்பது, "எத்தனை கிழமையில் முடித்துத் தருவீர்கள்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: "நான் கடன் எடுக்கப்போகிற வங்கியின் பேனலில் நீங்கள் இருக்கிறீர்களா?" வடமேற்கு லண்டனில் ஒரு சிறிய சொலிசிட்டர் நிறுவனத்தில் பல வருடங்களாக வீடு வாங்கல், விற்றல் வேலைகளைப் பார்த்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். யாழ்ப்பாணத்தாரும் வவுனியாக்காரரும் இருக்கிறார்கள். சென்னை, திருச்சியிலிருந்து கணினி வேலைக்கு வந்த இளையவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தாமாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்குத் தெரியும். வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துக் கருத்து எழுதிக் கொடுப்பார். பதிவு நாளன்று வங்கியின் ஆளே காசோலையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து நிற்பதும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படியில்லை. வாங்குகிறவருக்காக வேலை செய்யும் அதே சொலிசிட்டர்தான் பெரும்பாலும் வங்கிக்காகவும் வேலை செய்கிறார். ஒரே கோப்பு, ஒரே மேசை, இரண்டு வாடிக்கையாளர்கள். வாங்குகிறவருக்குச் செலவு குறைகிறது, வேலையும் விரைவாகிறது. இருவருடைய நலனும் மோதாத வரைக்கும் எங்கள் தொழில் விதிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன.

இதில் வங்கியின் நிலையை யோசித்துப் பாருங்கள். கடன் கொடுக்கும் வங்கியின் ஆட்கள் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுப் பத்திரங்களையும் அவர்கள் பார்ப்பதில்லை. "இந்த வீட்டின் உரிமையில் குறையில்லை, உங்கள் ஈட்டை முறையாகப் பதிவு செய்வோம், பணத்தை அனுப்பலாம்" என்று நான் கையெழுத்திட்டு அனுப்பும் உரிமைச் சான்று ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும். அதை நம்பி மூன்று லட்சம், நான்கு லட்சம் பவுண்டை என் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கு அனுப்பி வைக்கிறார்கள். சாவி கைமாறும் நாளில் அந்தப் பணம் விற்பவரின் சொலிசிட்டருக்குப் போகிறது. அது போகிற நேரத்தில் வங்கியிடம் வீடும் இல்லை, பணமும் இல்லை. என்னுடைய வாக்கு மட்டும்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட வாக்கை யாரிடமிருந்து வாங்கலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதுதான் பேனல். எங்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் அனுமதி இருந்தால் தொழில் செய்யலாம். ஆனால் பேனலில் இடம் கிடைப்பது அந்தந்த வங்கியின் விருப்பம். ஒரு வங்கியின் பேனலில் இருப்பதால் இன்னொன்றில் இருப்போம் என்றும் இல்லை.

உங்கள் சொலிசிட்டர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் வங்கி தனக்கென்று வேறொரு நிறுவனத்தை அமர்த்தும். அதன் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். உங்கள் சொலிசிட்டர் பார்த்து முடித்த தாள்களை அந்த நிறுவனம் முதலிலிருந்து பார்க்கும், புதுக் கேள்விகள் கேட்கும், நாட்கள் ஓடும். வீட்டை விற்கிறவர் தனக்கு வேறு வீடு பார்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவருக்கு விற்கிறவர் இன்னொரு வீட்டுக்குக் காத்திருப்பார். இப்படி நாலைந்து குடும்பங்கள் ஒரே நாளில் வீடு மாறுவதுதான் இங்கே வழக்கம். ஒருவருடைய தாமதத்தில் எல்லாமே குலைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு இந்தப் பட்டியல்கள் மிக நீண்டவை. ஒரு தடவை சேர்ந்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2008-இல் வந்த நிதி நெருக்கடி அதை மாற்றியது. வீட்டு விலைகள் சரிந்தன, கடன்கள் திரும்பி வரவில்லை. வங்கிகள் பழைய கோப்புகளைக் கிண்டிப் பார்த்தபோது பொய் விலை, பொய் ஆள், இல்லாத விற்பனை என்று பல மோசடிகள் வெளிவந்தன. சிலவற்றில் சொலிசிட்டர்களும் உடந்தை. அன்றைக்கு நிதித்துறையைக் கண்காணித்து வந்த அமைப்பு 2011 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, வங்கிகள் தங்கள் பேனல்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. வங்கிகள் பட்டியலைச் சுருக்கத் தொடங்கின. 2012 ஜனவரியில் எச்.எஸ்.பி.சி. தன் பேனலை 43 நிறுவனங்களாகக் குறைத்தது. நாடு முழுவதற்கும் 43! ஊர்ப் பக்கத்து சொலிசிட்டர்கள் பலர் ஒரே நாளில் அந்த வங்கியின் வேலையை இழந்தார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்தது. பின்னர் எங்கள் தொழில் அமைப்பான லா சொசைட்டியின் தரச்சான்று வைத்திருந்த நிறுவனங்களுக்கு அந்த வங்கி கதவைத் திறந்தது.

அந்தத் தரச்சான்றின் பெயர் கன்வேயன்சிங் குவாலிட்டி ஸ்கீம். சுருக்கமாக சி.க்யூ.எஸ். என்போம். 2010-இல் அறிவிக்கப்பட்டது. சாண்டாண்டர் போன்ற பெரிய வங்கிகள் அதைக் கட்டாயமாக்கின. இன்று வீட்டு வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு அது இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். நிறுவனத்தில் ஒருவரை இதற்கென்று பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். எங்களிடத்தில் அது நான். வேலை செய்கிற எல்லோரும் குறித்த பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும். பண மோசடி தடுப்பு, முத்திரை வரி, புகார் கையாளல் ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்த நடைமுறை வேண்டும். எழுதி வைத்தது போதாது, அதன்படி நடந்ததற்குக் கோப்பில் சாட்சியும் வேண்டும்.

பேனலில் சேர்வதற்கும் தொடர்ந்து இருப்பதற்கும் வங்கிகள் கேட்கிற தாள்கள் ஏறத்தாழ ஒன்றே. தொழில் காப்புறுதிச் சான்று முதலாவது. எங்கள் விதிப்படி கூட்டாண்மையாக இருந்தால் ஒவ்வொரு உரிமைக் கோரிக்கைக்கும் குறைந்தது 20 லட்சம் பவுண்டு, கம்பெனியாக இருந்தால் 30 லட்சம் பவுண்டு காப்புறுதி வேண்டும். அதற்குப் பிறகு கணக்காய்வாளரின் அறிக்கை, பங்காளிகளின் விவரம், எவர் மீதாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டா, காப்புறுதிக்காரரிடம் இழப்பீட்டுக் கோரிக்கை போயிருக்கிறதா, கடந்த வருடம் எத்தனை வீட்டுக் கோப்புகள் முடிந்தன. இவற்றையெல்லாம் பல வங்கிகளுக்கும் பொதுவாகச் சேர்த்து வைக்கும் லெண்டர் எக்ஸ்சேஞ்ச் போன்ற இணையத் தளங்கள் இருக்கின்றன. காப்புறுதி புதுப்பிக்கப்பட்ட அன்றே புதிய சான்றை அங்கே ஏற்றிவிட வேண்டும். ஒரு சான்று காலாவதியானால் பணம் வருவது நின்றுவிடலாம். அதுவும் யாரோ ஒரு குடும்பம் வானில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும் நாளில் நின்றால் என்ன செய்வது? இந்தப் பயத்தால் நான் அந்தத் தேதிகளை அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொரு நிபந்தனை சிறிய நிறுவனங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. தனி ஒருவர் நடத்தும் நிறுவனத்தைச் சில வங்கிகள் ஏற்பதில்லை. குறைந்தது இரண்டு பங்காளிகள் வேண்டும் என்கின்றன. ஒருவர் தவறு செய்தால் மற்றவர் கண்டுபிடிப்பார் என்பது அவர்கள் நியாயம். நியாயத்தில் பிழையில்லை. ஆனால் இரண்டு பேர் நடத்தும் இடத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் என்ன ஆகும்? எங்களின் மூத்த பங்காளி ஓய்வு பெற நினைத்தபோது, அவர் இடத்துக்குத் தகுந்த ஒருவர் கிடைக்கும் வரைக்கும் போகாமல் இருந்தார். அவர் முன்னமே போயிருந்தால், எங்களின் கோப்புகளில் பாதி அவரோடு போயிருக்கும்.

இவ்வளவும் வாசல்படிதான். பேனலில் இடத்தைக் காப்பாற்றுவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோப்பிலும் நடக்கிற வேலை. அதற்குக் கையேடு ஒன்று இருக்கிறது. வங்கிகளின் கூட்டமைப்பான யூ.கே. ஃபைனான்ஸ் அதைப் பராமரிக்கிறது. முதல் பகுதி எல்லா வங்கிகளுக்கும் பொது. இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வங்கியும் தன் தனி விருப்பங்களைச் சொல்லும். மாடிக்குடியிருப்பின் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சமிருக்க வேண்டும், நிலவாடகை எவ்வளவு வரைக்கும் போகலாம் என்பதெல்லாம் அங்கே வங்கிக்கு வங்கி மாறும். 2017-இல் நேஷன்வைடு, புதுக் குடியிருப்பென்றால் குத்தகை குறைந்தது 125 வருடம், நிலவாடகை வீட்டு மதிப்பில் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அறிவித்தது. இந்தப் பகுதி அடிக்கடி மாறும். போன மாதம் சரியாக இருந்தது இந்த மாதம் சரியாக இருக்க வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு கோப்பிலும் புதிதாகத் திறந்து பார்க்கிறேன்.

கையேட்டில் ஒரு விதி நம்மவர்களை நேராகத் தொடுகிறது. கடன் போக மிச்சப் பணத்தை வாங்குகிறவர் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று சொலிசிட்டர் கேட்க வேண்டும். அது அவருடைய சொந்தப் பணம் இல்லையென்றால், அவருடைய சம்மதத்தோடு வங்கிக்கு அறிவிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வங்கியின் தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, நலன் மோதல் காரணமாகத் தொடர முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல வேலை, சுத்தமான கணக்கு. வங்கிக் கணக்கறிக்கையின் ஒரு வரியில் என் பேனா நின்றது.

"தம்பி, இந்தப் பன்னிரண்டாயிரம் ஒரேயடியாய் வந்திருக்குது. இது எங்கேயிருந்து?"

"அது சீட்டுக் காசு, அக்கா. நான் கழிச்சு எடுத்தது."

"முழுக்கக் கட்டி முடிஞ்சுதோ?"

"இல்லையக்கா. இன்னும் மாசா மாசம் கட்டோணும். அது கடன் இல்லைத்தானே? நாங்கள் எல்லாரும் சேர்ந்து போடுற சீட்டு."

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. லண்டனில் சீட்டுப் போட்டு வீட்டு முற்பணம் சேர்த்த குடும்பங்கள் ஏராளம். வங்கிக் கடன் வாசலில்கூட நிற்க முடியாத காலத்தில் நம்மவர்களைத் தூக்கி நிறுத்தியது சீட்டுதான். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டியே எடுத்த சீட்டின் மிச்சத் தவணைகள், வங்கியின் கணக்கில், மாதா மாதம் அவர் வருமானத்திலிருந்து போகிற பணம். வீட்டுக்கடனைக் கட்டும் சக்தியை அது குறைக்கும். சீட்டுப் பிடிக்கிறவர் யார், மற்ற அங்கத்தவர்களின் பணம் எந்த வழியில் வந்தது என்பது பண மோசடி தடுப்புச் சட்டத்தின் கேள்வி. இரண்டையும் அவருக்கு விளக்கினேன். வங்கிக்கு எழுதச் சம்மதம் கேட்டேன். முதலில் முகம் வாடியது. "கடனைத் தரமாட்டினமோ?" என்று கேட்டார். "சொல்லாமல் விட்டு, பிறகு தெரியவந்தால்தான் பயம், தம்பி" என்றேன். சம்மதித்தார். சீட்டுக் கணக்கையும் பிடிக்கிறவரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினோம். வங்கி மறுபடி கணக்குப் பார்த்து, கடன் தொகையைச் சற்றுக் குறைத்துப் புதிய கடிதம் தந்தது. குறைந்த தொகையை அவருடைய அக்கா அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்கு வேறு கடிதம்: இது திரும்பக் கேட்காத பணம், வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அவர் கையெழுத்திட வேண்டும்.

இதைச் சிறு விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1996-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. விலை 73,000 பவுண்டு, கடன் 59,000 பவுண்டு. மிச்சத்தை வேறு கடன் இல்லாமல் கட்டுகிறார்கள் என்று சொலிசிட்டர் பில்டிங் சொசைட்டிக்குச் சொல்லிவிட்டார். உண்மையில் 3,350 பவுண்டு பழைய கடன் ஒன்று இரண்டாம் ஈடாக அதே வீட்டின் மேல் ஏறவிருந்தது. கவனக்குறைவுதான், துரோகமல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த 3,350 பவுண்டுக்காக அவர் நீதிமன்றங்களில் நிற்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் சட்ட மாணவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். நானும் படித்தேன். மேசையில் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அம்மாமார் விஷயமும் இப்படித்தான். கடன்காரர் அல்லாத, 17 வயதோ அதற்கு மேலோ ஆன எவராவது அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறார் என்றால், வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் என் உரிமை என்று அவர் கையெழுத்திட வேண்டும் என்று பல வங்கிகள் கேட்கின்றன. 1980-இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இதற்குக் காரணம். வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்தது, மனைவியும் அதற்குப் பணம் போட்டிருந்தார், அங்கேயே குடியிருந்தார். கணவன் வாங்கிய கடனுக்காக மனைவியின் பங்கை வங்கி தட்டிப் பறிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து வங்கிகள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கின்றன. எங்கள் வீடுகளிலோ அம்மா இருப்பார், அப்பா இருப்பார், சில வேளை மனைவியின் தங்கையும் இருப்பார். "என்ர மகன்ர வீட்டில நான் இருக்க ஏன் பிள்ளை கையெழுத்து?" என்று கேட்ட தாய்மார் பலர். அந்தத் தாள் என்னவென்று தமிழில் சொல்லலாம். ஆனால் அதில் கையெழுத்திடலாமா என்ற ஆலோசனையை நான் கொடுக்கக் கூடாது. நான் மகனுக்கும் வங்கிக்கும் வேலை செய்கிறவள். அம்மாவுக்கு வேறொரு சொலிசிட்டர் வேண்டும். தன் நகையை விற்று மகனின் முற்பணத்தில் போட்ட அம்மா என்றால், அந்த ஆலோசனையைப் பெற அவரை நான் வற்புறுத்தியே அனுப்பி வைப்பேன்.

பெயர்கள் அடுத்தது. கடன் கடிதத்தில் உள்ள பெயரும் வீட்டு உரிமைப் பத்திரத்தில் ஏறும் பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்முடைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். வேலையிடத்தில் அதைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். மோர்ட்கேஜ் முகவர் முதலெழுத்தை மட்டும் எழுதியிருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சில இடங்களில் கணவன் பெயரையும் சில இடங்களில் தகப்பன் பெயரையும் வைத்திருப்பார். மூன்று ஆவணங்களில் மூன்று ஆட்கள்போல இருக்கும். இதை முதல் கிழமையிலேயே பிடித்து, வங்கியிடம் புதிய கடன் கடிதம் வாங்கிவிட்டால் பிரச்சினையில்லை. கடைசிக் கிழமையில் பிடித்தால் எல்லோரும் அழ வேண்டியதுதான்.

விற்பவர் வீட்டைத் தன் பெயரில் பதிந்து ஆறு மாதம் ஆகவில்லையென்றால் அதையும் வங்கிக்குச் சொல்ல வேண்டும். வேகமாகக் கைமாறும் வீட்டில் விலையை ஏற்றிக் காட்டுவது பழைய மோசடி.

எதிர்த்தரப்பு சொலிசிட்டர் உண்மையானவரா என்று பார்ப்பதும் எங்களின் வேலை. 2012-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஒரு லண்டன் நிறுவனம் வங்கி தந்த 7,42,500 பவுண்டை விற்பவரின் சொலிசிட்டர் கிளை என்று நம்பிய இடத்துக்கு அனுப்பியது. அப்படி ஒரு கிளையே இல்லை. உண்மையான நிறுவனம் ஒன்றின் பெயரைத் திருடி மோசடிக்காரர்கள் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். விற்பனையும் பொய், விற்பவரும் பொய். பணத்தை வங்கிக்குத் திருப்பிக் கட்டும் பொறுப்பு நம்பி ஏமாந்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம். கடிதத் தலைப்பில் இருக்கும் தொலைபேசி எண்ணை நாங்கள் கூப்பிடுவதில்லை. லா சொசைட்டியின் பதிவேட்டில் அந்த நிறுவனத்தையும் கிளையையும் தேடி, அங்கே இருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, கோப்பைப் பார்ப்பவரோடு பேசி, வங்கிக் கணக்கு எண்ணை அவர் வாயால் சொல்லக் கேட்டு ஒப்பிடுவோம். யார், எத்தனை மணிக்கு, யாரோடு பேசினார் என்று கோப்பில் எழுதுவோம். வங்கி என்றைக்காவது அந்தக் கோப்பைக் கேட்டால் இந்தக் குறிப்புதான் எங்களுக்குப் பேசும். கோப்புகளைக் குறைந்தது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் கையேட்டின் விதி.

பழைய கடனைத் தீர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு ஒன்று. 33 லட்சம் பவுண்டு கடன். அதிலிருந்து, வீட்டின் மேல் முன்பே கடன் கொடுத்திருந்த வங்கியின் இரண்டு கணக்குகளையும் தீர்த்திருக்க வேண்டும். சொலிசிட்டர்கள் ஒன்றை மட்டும் தீர்த்துவிட்டு மிச்சத்தைக் கடன்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். சுமார் 3 லட்சம் பவுண்டு கட்டப்படாமல் நின்றது. புதிய வங்கிக்கு முதலிடம் கிடைக்கவில்லை. வீட்டு விலை சரிந்து வங்கி பெரும் இழப்பில் விழுந்தது. முழு இழப்பையும் சொலிசிட்டர்களே தர வேண்டும் என்று வழக்காடியது. நீதிமன்றம் 2,73,777 பவுண்டு மட்டும் தரச் சொன்னது. தொகை குறைந்ததே என்று ஆறுதல்படலாம். ஆனால் அப்படியொரு கோரிக்கை காப்புறுதிக்காரரின் ஏட்டில் ஏறிய நிறுவனம், ஒவ்வொரு பேனல் விண்ணப்பத்திலும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாவி கொடுத்தாயிற்று, வாடிக்கையாளர் பால் காய்ச்சியாயிற்று. எங்களுக்கு வேலை அப்போதுதான் பாதி. முத்திரை வரி விவரத்தை 14 நாளுக்குள் அனுப்பிப் பணம் கட்ட வேண்டும். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் நாங்கள் முன்பே எடுத்து வைத்த தேடல், 30 வேலை நாட்களுக்கு எங்களுக்கு முதலிடம் தருகிறது. அதற்குள் பதிவு விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் வேறொருவரின் கடன் முந்திக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் குறையிருந்தால் பதிவகம் கேள்வி அனுப்பும். கெடுவுக்குள் பதில் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் ரத்து, முதலிடமும் போச்சு. ஈடு இன்னும் பதியப்படாமல் கிடக்கும் கோப்புகளை வங்கிகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. சில நிறுவனங்கள் பேனலை இழந்தது இந்த இடத்தில்தான். புதிய வேலை வந்து குவியும்போது முடிந்த வேலையின் வால் மறந்துபோகும். திங்கட்கிழமை காலையில் புதுக் கோப்பு எதையும் திறக்காமல், பதிவு ஆகாத பழைய கோப்புகளின் பட்டியலை மட்டும் நான் பார்ப்பதற்குக் காரணம் இது.

இவ்வளவு கட்டுப்பாடும் தேவைதான் என்பது என் கருத்து. பிறர் பணத்தைக் கையாளுகிறவரை இறுக்கிப் பிடிப்பதில் தவறில்லை. என் மனம் ஒப்பாதது வேறொன்று. எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வங்கிகள் சிறிய நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பத்திக் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு எதுவும் இல்லை. போன வருடம் அந்த வங்கியின் கோப்புகள் போதிய அளவு இல்லை, ஆகவே நீக்குகிறோம் என்றது கடிதம். முறையிட எங்களுக்குச் சட்டத்தில் வழியில்லை. பேனல் என்பது வங்கியின் விருப்பம், அவ்வளவுதான். அந்த நிறுவனத்தில் ஒரு கோப்பை ஒரே ஆள் ஆரம்பம் முதல் முடிவு வரைக்கும் பார்ப்பார். வேலை பெரிய நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே ஒரு கோப்பைத் திறப்பவர் ஒருவர், கேள்வி அனுப்புபவர் இன்னொருவர், பணத்தை அனுப்புபவர் மூன்றாமவர். அம்மாவின் பணம் எப்படி வந்தது என்று அவரோடு தமிழில் உட்கார்ந்து பேச அங்கே ஆள் இருக்குமா? மோசடியைத் தடுப்பதற்காகத்தான் பேனல் என்றால், வாடிக்கையாளரை முகம் பார்த்துப் பேசும் சொலிசிட்டரைத் தள்ளிவைப்பது அந்த நோக்கத்துக்கே எதிரானது. கோப்பின் தரத்தைப் பாருங்கள், எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்று வங்கிகளுக்கு எங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீடு வாங்கப்போகிறவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். மோர்ட்கேஜ் முகவர் ஒரு வங்கியின் பெயரைச் சொன்ன அன்றே சொலிசிட்டரைக் கூப்பிட்டு, அந்த வங்கியின் பேனலில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வட்டி கொஞ்சம் குறைகிறது என்று பாதியில் வங்கியை மாற்றினால் மறுபடி கேளுங்கள். சீட்டுக் காசோ, மாமா தந்ததோ, ஊரில் காணி விற்றதோ, எதுவானாலும் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வந்த வழிக்குத் தாள் இருந்தால் எடுத்து வையுங்கள். வீட்டில் கூட இருக்கப்போகிறவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் சொலிசிட்டர் துருவித் துருவிக் கேட்டால் கோபிக்காதீர்கள். அப்படிக் கேட்காத சொலிசிட்டரிடம் உங்கள் வீட்டை ஒப்படைக்க வேண்டாம்.